தாங்குமா என்ற கேள்வி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையில், ஏரித் தண்ணீர் பாயும் நன்செய்க்கு நெல்லும் கரும்பும், மழையை நம்பிய செம்மண் மேட்டுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கம்பும் என்று பல தலைமுறைகளாகப் பகுத்துப் பயிரிட்டு வந்த குடியானவனுக்கு, அறுவடைக்கு முந்திய வாரங்களில் இரவுக் காவல் என்பது உழவுக்குச் சற்றும் குறையாத வேலையாக இருந்தது. மண்ணுக்குள் முற்றிய காயை மோப்பத்தால் அறிந்து பறித்துத் தின்னும் நரியும் பன்றியும் கொல்லையில் இறங்காதபடி விரட்டுவதற்கு, பரண்மேல் படுத்திருந்த மனிதனைவிட அப்பரணின் காலடியில் சுருண்டு கிடந்த நாயே பெரிதும் உதவிற்று. தெற்கே இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப் பெயராலேயே கீர்த்தி பெற்ற வேட்டை நாய்களைப்போல இந்தப் பிரதேசத்து நாய்க்குத் தனிப் பெயரோ வம்சாவளியோ கிடையாது. களத்து நெல்லையும், ஆட்டுக் கிடையையும், மல்லாட்டைக் கொல்லையையும் காத்த அந்த நாட்டு நாய், நரியோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற காரணத்தாலேயே வெறிநோயின் வாயிலில் நின்றது. நரிக்கு நோய் கண்டால் அடுத்தபடி நாய்க்கு. நாய்க்குக் கண்டால் அடுத்தபடி அந்த வீட்டுக் குழந்தைக்கு. இந்த வரிசையை இப்பக்கத்து ஜனங்கள் எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லித் தருவதற்கு முன்பே அநுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

இவ்வாறு உழைத்த பிராணிக்கு நோய் வந்தபோது செய்யப்பட்ட வைத்தியம் மிகச் சொற்பம். சொறி கண்டால் வேப்பெண்ணெய் தடவுவார்கள். உண்ணி ஏறினால் கையால் பிடுங்கி நெருப்பில் போடுவார்கள். வெறி கண்டால் தடியெடுத்து அடித்துக் கொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடிபட்ட மனிதனுக்கோ ஊமத்தையைச் சேர்த்த சித்த மருந்தும், கடிவாயில் சூடும், சுண்ணாம்பும், மிளகாய்ப் பொடியும், வேப்பிலை கொண்டு மந்திரிப்பதும் உண்டு. இவற்றை அறியாமை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. நோய் வெளிப்பட்ட பிறகு உலகின் எந்த மூலையிலும் எந்த வைத்தியனாலும் காப்பாற்ற முடியாத ஒரு வியாதியின் முன்னால், கையில் கிடைத்ததைச் செய்து பார்த்த மனிதர்கள் அவர்கள். ஆயினும் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டு நாய் ஏற்கெனவே நலிந்திருக்கிறதே, இந்த மருந்தை இதன் உடம்பு தாங்குமா என்ற கேள்வி அக்காலத்தில் எழவில்லை. எழுவதற்கு நாய்க்கென்று ஒரு மருந்தே இருக்கவில்லை. அந்தக் கேள்வி இந்தத் தாலுக்காக்களில் முதன்முதலாக எழுந்தது நாயைக் குறித்து அல்ல, மாட்டைக் குறித்து.

வெக்கை என்று நம் ஜனங்கள் பெயரிட்டு அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோய் தென்னாற்காட்டு ஜில்லாவில் புகுந்த ஆண்டுகளில், வாய் வெந்து, கண்ணீர் வடிந்து, கழிச்சல் கண்டு, ஒரே வாரத்துக்குள் உழவு மாடுகள் அடுத்தடுத்து விழ, ஏரைத் தூக்கி வைத்துவிட்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், மேல்மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொள்வதுமே குடியானவனுக்குத் துணையாக இருந்தன. 1871-இல் வெளிவந்த இந்திய மாட்டுக் கொள்ளைநோய்க் குழுவின் அறிக்கை இந்நோயின் கொடுமையைச் சர்க்காரின் பார்வைக்குக் கொண்டுவந்தது. 1889-இல் புனாவில் தொடங்கிப் பின்னர் இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட ஆராய்ச்சிச் சாலை இந்நோய்க்குப் பரிகாரம் தேடும் வேலையை மேற்கொண்டது. நமக்கு அருகில், வட ஆற்காட்டு இராணிப்பேட்டையில், 1932-ஆம் ஆண்டு சீரம் தயாரிக்கும் ஸ்தாபனம் ஏற்பட்டது. இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் என்று வழங்கும் அந்த ஸ்தாபனமே இந்த ராஜ்யத்து மாட்டாஸ்பத்திரிகளுக்கெல்லாம் நெடுங்காலம் மருந்து அனுப்பி வந்த ஊற்று.

அக்காலத்து முறையைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் நோயுற்ற நாய்க்குத் தடுப்பூசி போடுவதில் இன்று நாம் கொள்ளும் தயக்கத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது. மாட்டின் உடம்பில் ஒரு பக்கம் நோயுற்ற மாட்டின் ரத்தத்தையும், மறு பக்கம் நோயிலிருந்து தேறிய மாட்டிலிருந்து எடுத்த சீரத்தையும் ஒரே சமயத்தில் செலுத்துவார்கள். நோய் லேசாகக் கண்டு தணியும். அதன் பயனாக நெடுங்காலப் பாதுகாப்பு உண்டாகும். நல்ல தேகபலமுள்ள மாட்டுக்கு இது பெரும்பாலும் சரிப்பட்டது. ஆனால் சில மாடுகளுக்குக் கடும் காய்ச்சல் கண்டது; சில சினை மாடுகளுக்குச் சினை கலைந்தது; சில மாடுகள் மாண்டன. இவ்வாறு மாண்டவற்றை அறுத்துப் பார்த்தபோது தெரிய வந்த உண்மை வைத்தியர்களைத் திடுக்கிடச் செய்தது: உண்ணிகளால் பரவி, மாட்டின் ரத்தத்தில் வெளிக்குத் தெரியாமல் ஒதுங்கிக் கிடந்த நுண்ணுயிர் நோய்கள், இந்த ஊசியின் தாக்கத்தால் விழித்தெழுந்து உயிரைக் குடித்தன. அதாவது மாட்டைக் கொன்றது வெக்கையுமன்று, ஊசி மட்டுமே என்று சொல்வதற்குமில்லை. மாட்டுக்குள் நாள்பட்டுக் கிடந்த பழைய வியாதி ஊசியைச் சாக்காகக்கொண்டு தலையெடுத்தது.

முக்தேசுவரத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி வெக்கைக் கிருமியை மாட்டிலிருந்து மாட்டுக்கு ஏற்றுவதை விடுத்து ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஏற்றத் தொடங்கியதன் நோக்கங்களுள் ஒன்று இதுதான்: மாட்டு ரத்தத்தோடு மாட்டுக்கே உரிய அந்த ஒட்டுண்ணிகளும் கலந்து செல்வதைத் தடுப்பது. ஆட்டின் உடம்பில் பல நூறு முறை ஏறி இறங்கியபின் அக்கிருமி மாட்டைக் கொல்லும் வலிமையை இழந்து, காக்கும் வலிமையை மட்டும் பெரிதும் வைத்துக்கொண்டது என்பது அவர் தேடிச் சென்ற பயனைவிடப் பெரிதாக வாய்த்த பலன். ஆட்டு மண்ணீரலை உலர்த்திச் செய்த அந்த மருந்து சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் தொடங்கிய தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தின் ஆயுதமாயிற்று. எனினும் அதுவும் சாதுவான மருந்தல்ல. சமவெளியின் நாட்டு மாடு தாங்கிய அளவு அயல்நாட்டு இனமோ, அதன் கலப்பில் பிறந்த பசுவோ தாங்கவில்லை. அவற்றுக்கென்று முயலின் உடம்பில் வளர்த்து மேலும் மென்மையாக்கிய மருந்தும், 1960-களில் பிளவ்ரைட் கென்யாவில் உயிரணுக்களில் வளர்த்து உருவாக்கிய இன்னும் சாந்தமான மருந்தும் வேண்டியிருந்தன. பால் கூட்டுறவு இயக்கத்தோடு ஜெர்சிக் கலப்புப் பசுக்கள் விழுப்புரத்துத் தொழுவங்களிலும் வந்து கட்டப்பட்ட காலத்தில் இந்த வேறுபாடு நமது குடியானவனுக்கும் கண்கூடாயிற்று.

கிராமத்துக்கு வரும் கால்நடை உதவியாளர் மந்தையை ஒரு முறை கண்ணால் அளந்து, எலும்பு தெரிய மெலிந்ததையும், நிறைமாதச் சினையையும், காய்ச்சல் உள்ளதையும் ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றவற்றுக்குப் போடுவார். ஆனால் பக்கத்து ஊரில் வெக்கை வந்துவிட்டது என்ற செய்தி எட்டினால், ஒதுக்கி நிறுத்தியவற்றையும் சேர்த்துப் போட வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும். நோய் நுழைந்தால் நலிந்த மாடே முதலில் விழும் என்பதை அவரும் அறிவார், மாட்டுக்காரனும் அறிவான். ஊசியின் அபாயம் ஒரே அளவாகவே இருக்கிறது. நோயின் அபாயமோ ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. இந்த விவேகத்தை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதற்கு முன்பே நமது மாட்டு வைத்தியம் தொழுவத்தில் நின்று கற்றுக்கொண்டது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், இதே தமிழ்நாட்டில். உலகம் முழுவதிலிருந்தும் அது ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. நோய் மறைந்தபின் ஊசியும் நிறுத்தப்பட்டது, ஏனெனில் எதிரே நிற்கும் அபாயம் பூஜ்யமான பிறகு எவ்வளவு சிறிய அபாயத்தையும் ஒரு பிராணியின்மீது சுமத்துவதற்கு நியாயம் இல்லை.

இனி மனிதனின் நாய்க்கடி வைத்தியத்துக்கு வருவோம். பாரிஸில் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ஜோசப் மீஸ்டர் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போட்டதும், அதன் கீர்த்தி உலகெங்கும் பரவியதும் யாவரும் அறிந்தது. இந்தியாவில் 1900-இல் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் ஏற்பட்டதாயினும், தென்னாட்டில் கடிபட்டவன் அத்தனை தூரம் யாத்திரை செய்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இந்நோயால் மாண்டது தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்திற்று. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் துணையோடு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. விழுப்புரத்துக் குடியானவன் தன் கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மீட்டர் பாதை ரயிலில் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி சேர்ந்து, அங்கே அகலப்பாதை வண்டிக்கு மாறி, சேலம், ஈரோடு கடந்து மேட்டுப்பாளையம் இறங்கி, பற்சக்கர வண்டியில் மலை ஏறிக் குன்னூரை அடைய வேண்டும். விதைப்பு நேரத்தில் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு அங்கே தினந்தோறும் ஊசி முடியும்வரை தங்கியும் இருக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டுச் சென்றவர்கள் எத்தனை பேரோ, செல்ல முடியாமல் மந்திரிப்போடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ. அவர்களை நினைக்கும்போது இன்று முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசமாகக் கிடைப்பதன் அருமை விளங்கும்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மருந்து, ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்துக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று செய்யப்பட்டது. தயாரிப்பது சுலபம், செலவு சொற்பம், தொலைவுக்கு அனுப்பவும் தக்கது. ஆதலால் காலப்போக்கில் மலை ஏறாமலே ஜில்லா ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் வசதி வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோரும் பாட்டன்மாரும் சொல்லிக் குழந்தைகளை நாயருகில் போகவிடாமல் தடுத்தது இந்த மருந்தைத்தான். ஆயினும் மூளைத் திசுவை மனித உடம்பில் செலுத்துவதில் ஒரு கொடிய விளைவு ஒளிந்திருந்தது: அத்திசுவை எதிரியாகக் கருதி எழும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சிலரிடத்தில் தன் சொந்த நரம்புகளின் உறையையே தாக்கிக் கைகால்களை முடக்கிற்று. சில நூறு பேரில் ஒருவர் என்றும், சில ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் கணக்குகள் வேறுபட்டன. எனினும் மரணம் நிச்சயமாக நிற்கும் இடத்தில் இந்த அபாயத்தை ஏற்பதைத் தவிர வேறு உபாயம் இருக்கவில்லை. மேலும் நல்ல மருந்துகள் வந்தபிறகும் மலிவு கருதி நாம் இதை 2004-ஆம் ஆண்டின் இறுதி வரை ஏழைகளுக்குத் தொடர்ந்து போட்டு வந்தோம் என்பது வருத்தத்துக்குரிய வரலாறு.

நாய்க்கே தடுப்பூசி போடுவது என்ற எண்ணம் காரியத்துக்கு வந்தது ஜப்பானில். 1921-இல் உமேனோ, டோய் என்ற இருவர் ஒரே ஊசியில் நாய்களைக் காக்கும் மருந்தை வெளியிட்டனர். அதுவும் மூளைத் திசுவினால் ஆனதே. நாய்க்குப் போட்ட இத்தகைய மூளைத்திசு மருந்துகளாலும் சில நாய்களுக்குப் பின்னங்கால் இழுத்துக்கொள்வது உண்டு. 1940-களின் இறுதியில் கோப்ராவ்ஸ்கியும் காக்ஸும் கோழிக் கருவில் வளர்த்த ஃபுளூரி வகை மருந்து மூளைத்திசுவின் குற்றத்திலிருந்து விடுபட்டது, ஆனால் அதில் கிருமி உயிரோடு இருந்தது. மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளிலும் பூனைகளிலும் அது சில வேளைகளில் வெறிநோயையே உண்டாக்கிவிட்டது. ஆகவே நோயுற்ற நாயைக் கொண்டுவந்த எஜமானரிடம், உடம்பு தேறட்டும், பிறகு போடலாம் என்று சொல்லி அனுப்பிய பழைய வைத்தியர்களைக் கோழைகள் என்று கருதலாகாது. அவர்கள் கையிலிருந்த மருந்து அத்தகையது. 1903-இல் வேப்பேரியில் தொடங்கி, 1936-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து பட்டம் வழங்கத் தொடங்கிய கால்நடைக் கல்லூரியில் பயின்று வந்த தலைமுறையினர் அந்த ஜாக்கிரதையைத் தங்கள் தொழிலின் தர்மமாகவே கொண்டிருந்தார்கள்.

மருந்து மாறிவிட்டது. இன்று நாய்க்குப் போடும் வெறிநோய் ஊசி உயிரணுக்களில் வளர்த்து முற்றிலும் கொல்லப்பட்ட கிருமியால் ஆனது; அதில் மூளைத்திசு இல்லை, உயிருள்ள கிருமியும் இல்லை; ஊசி நாயை முடக்குவதும் நோயை உண்டாக்குவதும் பழங்கதையாயின. ஆனால் பழைய அச்சம் மட்டும் வீடுகளில் வாழ்கிறது, அதுவும் காரணமின்றி அன்று. திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரியின் திண்ணையில், மூப்படைந்து, சிறுநீரகம் பழுதுபட்டு, இரண்டு முறை உண்ணிக் காய்ச்சலில் விழுந்து எழுந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு, "இதுவே தெம்பில்லாம கெடக்குதுங்க சார், இதுக்கு ஊசி தாங்குமா?" என்று கேட்கும் தாய்க்கு, ஊசியெல்லாம் ஒன்றும் செய்யாதம்மா என்ற ஒரு வரிப் பதில் போதாது. அவளுடைய கேள்வி வெக்கைக் காலத்து மாட்டுக்காரன் கேட்ட அதே கேள்வி. அவனுக்குக் கிடைத்த அளவு நிதானமான பதில் அவளுக்கும் கிடைக்க வேண்டும்.

முதலாவதாக, ஊசி என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது பல வகை. வெறிநோய்க்கான ஊசி கொல்லப்பட்ட கிருமி. எலிக்காய்ச்சலுக்கானதும் அவ்வாறே. டிஸ்டெம்பர் என்ற சளி நோய்க்கும், பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய்க்கும் போடுவதோ பெரும்பாலும் உயிரோடிருக்கும், ஆனால் வலிமை குன்றிய கிருமி. இவற்றுள் பார்வோ 1978-ஆம் ஆண்டளவில்தான் உலகில் வெளிப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் கண்டறியப்பட்டுக் குட்டிகளை அள்ளிச் சென்றது. அந்தப் பீதியில் வலுப்பெற்றதே பல நோய்களுக்கு ஒரே ஊசி, ஆண்டு தவறாமல் ஊசி என்ற நம்முடைய வழக்கம். குட்டிகளுக்கு அது உயிர் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் குட்டிப் பருவத்தில் முறையாகப் போட்டு, ஓராண்டில் மறு ஊசியும் போட்ட வளர்ந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ இவற்றுக்கான பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கிறது என்று உலகச் சிறுபிராணி வைத்தியர் சங்கம் இன்று சொல்கிறது. ஸ்டீராய்டு மருந்து அதிக அளவில் தின்னும் நாய்க்கு உயிருள்ள கிருமி ஊசி தகாது என்பதும், பழைய பாதுகாப்பு உடம்பில் இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையால் அறியலாம் என்பதும் வைத்தியர் அறிந்தவை. ஆகையால் நாள்பட்ட நோயுள்ள முதிய நாய்க்கு, பழக்கத்தின் பேரில் ஆண்டுதோறும் எல்லா நோய்களுக்குமான கூட்டு ஊசியை ஒரே அமர்வில் போடுவது தவறு என்று நான் தயங்காமல் சொல்வேன். அமெரிக்காவில் 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளைக்கொண்டு 2005-இல் வெளியான ஆராய்ச்சியில், ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதேனும் ஒரு தீய விளைவு கண்டவை 10,000-க்கு ஏறத்தாழ 38 என்று கணக்காயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை முகவீக்கமும் தடிப்பும் வாந்தியும்தான். ஆனால் நாயின் எடை குறையக் குறையவும், ஒரே வருகையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூடவும் அந்த விகிதம் உயர்ந்தது. சிறிய உடம்புக்கு ஒரு வேளைக்கு ஒரே ஊசி என்ற விதி அந்த எண்களிலிருந்தே பிறக்கிறது.

எலிக்காய்ச்சலின் விஷயம் இப்பக்கத்துக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நிற்கும்போது எலியின் சிறுநீர் கலந்த நீரை நாய் நக்குகிறது. அந்நோய் பெரிதும் தாக்கும் உறுப்புகளுள் ஒன்றோ சிறுநீரகமே. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகமுள்ள நாய்க்கு அந்த ஊசியைத் தவிர்ப்பதா, அந்த ஊசியே அதற்கு அதிக அவசியமா என்பது மாடியில் வளரும் நாய்க்கு ஒரு விதமாகவும், கழனிக்கும் களத்துக்கும் போய்வரும் நாய்க்கு வேறு விதமாகவும் விடை தரும் வினா. ஓராண்டுக்கு மேல் நிற்காத பாதுகாப்பு அது. ஆகவே கழனி நாய்க்கு, உடம்பு சற்றுத் தேறிய ஒரு மாதத்தில், மழைக்கு முன்பாக, தனியே அதை மட்டும் போடுவது உசிதம்.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாயின் வெள்ளை அணுக்களில் குடியேறும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் சென்னை மாகாணத்திலும் அது பதிவாகிவிட்டது. காய்ச்சல் தணிந்தபின்னும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து, மூக்கிலிருந்து ரத்தம் வடியச் செய்து, நாயை மெல்ல மெல்ல உருக்குவது அதன் இயல்பு. வெக்கை ஊசியால் விழித்தெழுந்த மாட்டு ஒட்டுண்ணிகளின் கதையைப் படித்தவனுக்கு இங்கே ஒரு கலக்கம் எழுவது இயற்கை. ஆனால் அங்கே செலுத்தப்பட்டது உயிருள்ள கொடிய நோய். இங்கே செலுத்தப்படுவது செத்த கிருமி. காய்ச்சல் இருக்கும் நாளில், தட்டணுக்கள் குறைந்து கிடக்கும் வாரத்தில் எந்த ஊசியும் வேண்டாம். நான்கு வாரம் மருந்து தின்று, பசி திரும்பி, ரத்தப் பரிசோதனையும் தேறியபின் வெறிநோய் ஊசியைப் போடுவதே சரி. முன்பு ஒரு முறை ஊசிக்குப் பின் மூச்சுத் திணறி விழுந்த நாய், ஊசிக்குப் பின் தன் ரத்தத்தைத் தானே அழித்துக்கொண்ட நாய் என்ற அரிய சிலவற்றின் விஷயம் மட்டுமே வேறு. அவற்றின் முடிவை எந்தக் கட்டுரையும் செய்யலாகாது, நேரில் பார்த்த வைத்தியரே செய்ய வேண்டும்.

வெறிநோய் ஊசியை மற்றவற்றிலிருந்து நான் பிரித்து வைப்பதற்குக் காரணம் நாயின் உயிர் மட்டுமன்று. டிஸ்டெம்பரால் மடிவது அந்த நாய். வெறிநோயால் மடிவது நாயும், அதற்கு மாத்திரை புகட்ட வாயைத் திறந்த கையும். நாள்பட்ட நோயுள்ள நாயே மற்ற நாய்களைவிட அதிகமாக மனிதக் கைபடுவது: தினமும் மருந்து கொடுக்கிறோம், காது துடைக்கிறோம், வலிக்கும் இடத்தைத் தொடுகிறோம், வலியில் அது பல்லைக் காட்டுகிறது. அப்படிப்பட்ட நாய் ஊசி போடாததாக இருந்து ஒரு நாள் கடித்துவிட்டால், பத்து நாள் அதைக் கண்காணிக்க வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் அது தன் பழைய சிறுநீரக நோயாலேயே இறந்துவிட்டால், இறந்தது எதனால் என்ற சந்தேகம் அந்தக் குடும்பத்தை விடாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாகவும், அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய முற்றிலும் நாய்க்கடியால் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. மேலைநாடுகள் சிலவற்றில் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் நோயுற்ற நாய்க்கு இந்த ஊசியிலிருந்து சட்டப்படி விலக்கு உண்டு என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்நாடுகளின் தெருக்களில் நாய் வெறிநோய் இல்லை. அங்கே வழங்கும் விலக்கு, இல்லாத அபாயத்தின் எதிரே வழங்கும் விலக்கு. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது நிபுணர்களின் கணக்கு. விழுப்புரத்துப் பழைய பேருந்து நிலையத்துத் தெருநாய்களும் திண்டிவனத்துச் சந்தைத் தெரு நாய்களும் அந்த எழுபதை எட்டினால், தாங்க முடியாத ஒரு முதிய நாயை நாமும் மனச்சாட்சியோடு விட்டுவிடலாம். ஆகவே தன் நோயுற்ற நாயிடம் அன்பு கொண்டவன், தன் தெருவில் திரியும் ஆரோக்கியமான நாய்களுக்கு ஊசி போடப்படுவதில் அக்கறை காட்டுவதே அந்த நாய்க்குச் செய்யும் பெரிய உபகாரம்.

பாஸ்டரின் நினைவாக ஜூலை 6-இலும், அவர் மறைந்த செப்டம்பர் 28-இலும் நடத்தப்படும் இலவச முகாம்கள் பாராட்டுக்குரியவையே. ஆனால் அவற்றின் அமைப்பு வெக்கைக் காலத்து மந்தை ஊசியின் அமைப்பு: வரிசை, கூட்டம், ஒரு நாய்க்கு ஒரு நிமிஷம். ஆரோக்கியமான நாய்க்கு அது போதும். நோயுற்ற நாயை அந்த வெயிலிலும் குரைப்பிலும் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, ஒரு சாதாரண நாளின் முற்பகலில், மருந்துச் சீட்டுகளோடும் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களோடும் மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சல் பார்த்து, ஈறின் நிறம் பார்த்து, எந்த மாத்திரை எந்த அளவு என்று கேட்டறிந்து, வெறிநோய் ஊசியை மட்டும் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கவனித்து, மற்றவற்றுக்கான தேதிகளை வெவ்வேறாகக் குறித்துக் கொடுப்பதற்கு ஒரு வைத்தியருக்கு வேண்டிய அவகாசம், காலை முழுவதும் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் நமது மருந்தகங்களில் இன்று கிடைப்பதில்லை. ஜில்லாவின் மாட்டாஸ்பத்திரிகள் வாரத்தில் ஒரு முற்பகலை இத்தகைய நாள்பட்ட நோயுள்ள பிராணிகளுக்கென்றே ஒதுக்கி, அதை வாசலில் எழுதி மாட்டிவைக்க வேண்டும் என்று கால்நடைப் பராமரிப்புத் துறையாரை வேண்டிக்கொள்கிறேன்.